சென்னையில் புயல், தில்லியில் பெயர்: பக்கத்து நாடுகளும் பேரிடரும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் போதும், மயூர் விகாரில் எங்கள் வீட்டுப் போன் ஓயாது. வேதாரண்யம் பக்கம் இருக்கும் அத்தையிலிருந்து, ஆர்.கே.புரம் மலை மந்திர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே பேச்சுக் கொடுக்கும் நண்பர்கள் வரை எல்லாருக்கும் ஒரே நினைப்பு: தில்லியில் இருப்பவனுக்குப் புயலைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும். நான் வானிலைக்காரன் இல்லை. பேரிடர் தொடர்பான கூட்டங்களில் குறிப்பெடுத்து அறிக்கை எழுதும் வேலையில் பல வருடம் இருந்தவன், அவ்வளவுதான். திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் தொண்டை மிச்சம்.

புயலுக்குப் பெயர் வைப்பது யார்? ஏன் வாயில் நுழையாத பெயராகவே வருகிறது?

வங்கக் கடல், அரபிக் கடல் இரண்டிலும் உருவாகும் புயலுக்குப் பெயரை அறிவிப்பது தில்லி லோதி சாலையில் இருக்கும் மௌசம் பவன், அதாவது இந்திய வானிலைத் துறையின் தலைமையகம். ஆனால் பெயர்கள் அதன் சொந்தச் சரக்கு இல்லை. இந்தியா, இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான், மியான்மர், தாய்லாந்து, மாலத்தீவு, ஓமன், ஈரான், கத்தார், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஏமன் என்று 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்திருக்கின்றன. மொத்தம் 169. இந்தப் பட்டியல் 2020 ஏப்ரலில் வெளியானது. அதற்கு முன் 2004 முதல் எட்டு நாடுகள் கொடுத்த 64 பெயர்கள் இருந்தன. கடைசியாக மிச்சமிருந்த ஆம்பன் 2020 மே மாதம் தீர்ந்தது.

காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் பெயர். நாடுகளின் பெயரை ஆங்கில அகரவரிசைப்படி வரிசையாக்கி, ஒவ்வொன்றாக எடுப்பார்கள். அதனால்தான் சென்னையைத் தண்ணீரில் மிதக்கவிட்ட மிக்ஜாம் மியான்மர் கொடுத்த பெயர், மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் அமீரகம் கொடுத்தது, புதுச்சேரியைப் புரட்டிய ஃபெஞ்சல் சவுதி கொடுத்தது. எங்கள் ஊர்த் தென்னந்தோப்புகளை 2018இல் ஒரே இரவில் படுக்க வைத்த கஜா, இலங்கை வைத்த பெயர். அத்தை இன்னமும் அந்தப் பெயரை வாயால் சொல்வதில்லை. ‘அந்த வருசத்துக் காத்து’ என்பாள்.

பெயர் யார் மனதையும் புண்படுத்தக் கூடாது, அரசியல், மதம் கலக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனாலும் சறுக்கியதுண்டு. 2013இல் ஒரு புயலுக்கு இலங்கை கொடுத்திருந்த மகாசேன் என்ற பெயர் வந்தது. குளங்கள் வெட்டி நாட்டை வாழவைத்த மன்னரின் பெயரை அழிவுக்கு வைப்பதா என்று அங்கேயே எதிர்ப்பு கிளம்ப, புயல் வியாரு ஆனது.

பெயர் வைப்பதைத் தவிர அந்த அலுவலகம் பக்கத்து நாடுகளுக்கு என்ன செய்கிறது?

பெரிய வேலையே அதுதான். உலக வானிலை அமைப்பின் கீழ் வெப்பமண்டலப் புயல்களைக் கவனிக்க ஆறு வட்டார மையங்கள் உள்ளன. மயாமி, ஹொனலூலு, டோக்கியோ, ரீயூனியன் தீவு, ஃபிஜியின் நாடி, அப்புறம் புது தில்லி. புயல் உருவாகிவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இங்கிருந்து அறிக்கை போகும்: இப்போது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கே எப்போது கரையைக் கடக்கும், கடல் எவ்வளவு உயரம் எழும். யாங்கோனில் இருப்பவருக்கும் மஸ்கட்டில் இருப்பவருக்கும் ஒரே தாள். மக்களை எச்சரிப்பதும் வெளியேற்றுவதும் அந்தந்த நாட்டின் பொறுப்பு. தில்லி யாருக்கும் உத்தரவு போடுவதில்லை.

நம் ஊர்த் துறைமுகங்களில் மூன்றாம் நம்பர் கூண்டு ஏறியதும் மீனவர் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்வார் இல்லையா, நாடுகளுக்கு இடையே அந்த வேலையைச் செய்கிறது இந்தத் தாள். பார்க்க மிகச் சாதாரணமாக இருக்கும். பல வருடம் கூட்டங்களில் உட்கார்ந்து நான் கண்டதும் இதுதான்: கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்ட ஒப்பந்தங்களில் பாதி படுத்துவிட்டன. யாரும் படம் எடுக்காத, தினமும் அனுப்பப்படும் இந்த மாதிரித் தாள்கள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்தக் கூட்டு எப்போது ஆரம்பித்தது?

1970 நவம்பர் 12 இரவு. அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்கதேசத்தை போலா புயல் தாக்கியது. இறந்தவர்கள் 3 முதல் 5 லட்சம் பேர். இன்று வரை புயல்களில் அவ்வளவு உயிர்களை வேறெதுவும் கொண்டுபோனதில்லை. அந்த அதிர்ச்சியில்தான் 1972இல் உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வின் ஆசிய வட்டாரப் பொருளாதார ஆணையமும் சேர்ந்து புயல் குழு ஒன்றை அமைத்தன. மேலே சொன்ன 13 நாடுகள் இருப்பது அந்தக் குழுவில்தான்.

அதே சமயத்தில் வங்கதேசம் தன் பங்குக்கு இன்னொன்றைச் செய்தது. செஞ்சிலுவைச் சங்கம் போன்ற செம்பிறைச் சங்கத்தோடு சேர்ந்து கடலோரக் கிராமங்களில் தன்னார்வலர்களைத் திரட்டியது. கையில் மெகாபோன், கொடி, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும் ஆட்கள். 1991 புயலில் அங்கே சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். 2007இல் சிதர் வந்தபோது அரசுக் கணக்குப்படி சுமார் 3,400. இதற்கு மேட்டுப் புகலிடங்கள், முன்னறிவிப்பு, கதவு தட்டிய ஆட்கள் மூன்றும் காரணம். ஒடிசாவும் இதே வழியில்தான் போனது. 1999 பெரும்புயலில் அங்கே பலியானோர் ஏறத்தாழ 10,000. 2013இல் பைலின் அதே கரையில் ஏறியபோது எண்ணிக்கை சில டஜன்களில் நின்றது. நாம் பக்கத்து நாட்டுக்கு உதவுகிறோம் என்று மட்டும் பேசுவது வழக்கமாகிவிட்டது. பக்கத்து நாட்டிடம் கற்றதையும் சொல்ல வேண்டும்.

பாகிஸ்தானோடு பேச்சே இல்லை என்கிறார்கள். இதில் மட்டும் எப்படி?

2023 ஜூனில் பிபர்ஜாய் புயல் அரபிக் கடலில் பத்து நாளுக்கு மேல் சுற்றியது. பெயர் வங்கதேசம் கொடுத்தது. அறிக்கை தில்லியில் தயாரானது. கரையைக் கடந்தது குஜராத்தின் ஜக்காவு துறைமுகம் அருகே, எல்லைக்குப் பக்கத்தில். இந்தப் பக்கம் கட்ச் மக்களையும் அந்தப் பக்கம் சிந்துக் கடலோர மக்களையும் ஆயிரக்கணக்கில் வெளியேற்றினார்கள். தூதரக உறவு அப்போதும் சுமுகமாக இல்லை. வானிலைத் தரவு மட்டும் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆற்று விஷயம் அப்படி இல்லை. 2025 ஏப்ரலில் சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்தி வைத்தது. ஆகஸ்டில் ஜம்முவிலிருந்து பாகிஸ்தானுக்குப் பாயும் தாவி ஆறு பெருகியபோது, ஒப்பந்தத்தின் ஆணையர்கள் வழியாகப் போகாமல் இஸ்லாமாபாதில் உள்ள இந்தியத் தூதரகம் வழியாக வெள்ள எச்சரிக்கை போனது, மனிதாபிமான அடிப்படையில் என்ற குறிப்போடு. போனதே நல்லது. ஆனால் வெள்ளம் வரும் இரவில் எந்த வழியாகச் சொல்வது என்று யோசிக்கும் நிலை இருக்கக் கூடாது.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்குக்குத் தில்லியிலேயே ஒரு பேரிடர் மையம் இருந்ததாமே?

இருந்தது. 2006இல் தொடங்கியது. 2011இல் மாலத்தீவில் நடந்த சார்க் மாநாட்டில், பேரிடர் வந்தால் எட்டு நாடுகளும் விரைந்து உதவிக்கொள்ள ஒப்பந்தமும் கையெழுத்தானது. 2015 நவம்பரில் தில்லி வட்டாரத்தில் கூட்டு ஒத்திகை கூட நடந்தது. அப்புறம்? உச்சி மாநாடு கடைசியாக நடந்தது 2014இல் காத்மாண்டுவில். 2016இல் இஸ்லாமாபாதில் நடக்க வேண்டியது நின்றுபோனது. தில்லி, டாக்கா, திம்பு, மாலே ஆகிய ஊர்களில் இருந்த நான்கு மையங்களை ஒன்றாக்கி, பேரிடர் மையத்தை 2016இல் காந்திநகருக்குக் கொண்டுபோனார்கள். பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. ஆனால் விரைந்து உதவும் ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும் அதே 2016 செப்டம்பரில்தான். மேலே ஆளில்லாத வீட்டுக்குப் புதுச் சாவி செய்த கதை.

அப்போது பிம்ஸ்டெக்?

வங்கக் கடலைச் சுற்றிய ஏழு நாடுகள்: வங்கதேசம், பூடான், இந்தியா, மியான்மர், நேபாளம், இலங்கை, தாய்லாந்து. 2017 அக்டோபரில் இதன் முதல் பேரிடர் ஒத்திகை தில்லியில் நடந்தது. வானிலைக்கான மையம் நொய்டாவில் இருக்கிறது. தலைமைச் செயலகம் டாக்காவில். கடலோர நாடுகளுக்கு இது சார்க்கை விடப் பொருத்தமான ஏற்பாடு, வேகம்தான் போதாது.

சுனாமி மறுபடி வந்தால் இந்த முறை முன்னாடியே தெரியுமா?

தெரியும். எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் நாகப்பட்டினம், கடலூர்க்காரர்கள்.

2004 டிசம்பர் 26 காலை நம் நேரப்படி 6.28க்குச் சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு மணி நேரம்! அவ்வளவு அவகாசம் இருந்தும் ஒருவருக்கும் தெரியாது. ஹவாயில் இருந்த பசிபிக் மையம் நிலநடுக்கத்தைக் கண்டுகொண்டது. ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கு என்று எச்சரிக்கை அமைப்பு கிடையாது, யாருக்குச் சொல்வது என்ற ஏற்பாடும் கிடையாது. பதினான்கு நாடுகளில் 2,30,000 பேர் வரை இறந்தார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல்.

2005இல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் கீழ் இந்தியப் பெருங்கடல் நாடுகள் ஒன்றுசேர்ந்தன. 2007 அக்டோபரில் ஐதராபாதில் இந்தியாவின் எச்சரிக்கை மையம் வேலையைத் தொடங்கியது. 2011 முதல் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, இந்தியா மூன்றும் மற்ற நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தகவல் தருகின்றன. ஒன்று தவறவிட்டால் இன்னொன்று பிடிக்கும். நிலநடுக்க மானிகள் அதிர்வைச் சொல்லும். கடலடியில் வைத்த அழுத்தமானிகளும் கரையோர அலைமானிகளும் உண்மையிலேயே அலை கிளம்பியதா என்று சொல்லும். இரண்டாவது இல்லாவிட்டால் ஒவ்வொரு அதிர்வுக்கும் ஊரைக் காலி செய்ய வேண்டியிருக்கும். 2012 ஏப்ரல் 11 அன்று அதே வட்டாரத்தில் 8.6 அளவில் அதிர்ந்தபோது இது சோதிக்கப்பட்டது. எச்சரிக்கை உடனே போனது. நிலத்தட்டு பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை.

சரி, ஐதராபாதில் தெரிந்துவிடும். நாகைக்குப் பக்கத்து மீனவர் ஊரான அக்கரைப்பேட்டைக்கு எப்போது தெரியும்? 2017 ஒக்கி புயலில் நடந்தது நினைவிருக்கும். ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் குமரி மாவட்டப் படகுகளோடு பேச அப்போது வழியில்லை. போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கை எட்டவே இல்லை. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகளைப் படகுகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஆற்று வெள்ளத்துக்கு ஏன் இதே போல ஒரு ஏற்பாடு இல்லை?

புயலை யாரும் அணை கட்டித் தேக்க முடியாது. அதனால் அதைப் பற்றிய தகவலை ஒளித்து வைப்பதில் லாபம் இல்லை. ஆறு அப்படியா? தண்ணீர் என்றால் பாசனம், மின்சாரம், தேர்தல். நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். காவிரிக் கரையில் பிறந்தவர்கள்.

எங்கள் குடியிருப்பின் காவலாளி பீகாரின் சுபௌல் பக்கத்துக்காரர். கோசி ஆற்றின் தடுப்பணை நேபாள மண்ணில் இருக்கிறது. 1954 ஒப்பந்தப்படி கட்டியதும் பராமரிப்பதும் இந்தியா. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசஹாவில் கரை உடைந்து, ஆறு பழைய தடத்தில் பாய்ந்தது. பீகாரில் முப்பது லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். உடைப்பு நேபாளத்தில், பொறுப்பு இந்தியாவில், வெள்ளம் இரண்டு பக்கமும். யார் பழுது பார்த்திருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகும் வெகுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள். 2024 செப்டம்பரில் அந்தத் தடுப்பணையிலிருந்து நொடிக்கு 6.61 லட்சம் கன அடி தண்ணீர் திறக்க நேர்ந்தது; 56 வருடத்தில் அவ்வளவு இல்லை. அந்த வாரம் காவலாளி கையில் போனை வைத்துக்கொண்டே கேட்டைத் திறந்து மூடினார்.

பிரம்மபுத்திராவின் மழைக்கால நீரளவைச் சீனா நமக்குத் தர 2002இலேயே உடன்பாடு ஏற்பட்டது; அது 2023இல் காலாவதியானது. சீனாவோடு டோக்லாம் எல்லைத் தகராறு நடந்த 2017இல் தரவு வரவில்லை. அடுத்த வருடம் வந்தது. அசாமில் இருப்பவர் இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. 2020 அக்டோபரில் இந்தியா, வங்கதேசம், பூடான், நேபாளம், இலங்கை ஐந்துக்கும் திடீர் வெள்ளம் பற்றி முன்கூட்டியே சொல்லும் அமைப்பு தொடங்கப்பட்டது. மையம் தில்லிதான். மழை, மண் ஈரம் இவற்றை வைத்துக் கணிப்பதால் யாரும் அணைக் கதவின் கணக்கைக் காட்ட வேண்டியதில்லை. அதனாலேயே ஐந்து பேரும் சேர்ந்தார்களோ என்னவோ.

நாட்டுக்கு நாடு என்று போக வேண்டாம். 2023 ஜூலையில் யமுனை தில்லியில் 208.66 மீட்டருக்கு உயர்ந்து 1978இன் 207.49 மீட்டரைத் தாண்டியது. மயூர் விகார் கரையோரத்துக் குடிசைக்காரர்கள் மேம்பாலத்துக்கு அடியில் மாட்டோடும் மூட்டையோடும் வந்து தங்கினார்கள். அப்போது அரியானாவும் தில்லியும் ஒன்றை ஒன்று குற்றம் சொன்னதைக் கேட்டிருந்தால், சீனாவைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது.

நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா? தில்லியில் ஆடிக்கொண்டே இருக்கிறதே.

முடியாது. முடியும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை அழித்துவிடுங்கள்.

தில்லியில் நாம் உணரும் பல அதிர்வுகள் ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் மலையிலோ நேபாளத்திலோ பிறந்தவை. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் அதிர்ந்தபோது இங்கே மின்விசிறிகள் ஆடின; அங்கே சுமார் 9,000 பேர் இறந்தார்கள். அன்றே இந்திய விமானங்கள் மீட்புக் குழுவோடு போய் இறங்கின. உலகமே உதவக் கிளம்பியது. ஆனால் காத்மாண்டுவில் இருந்தது ஒரே ஓடுபாதை. நெரிசலில் விமானங்கள் வானத்திலேயே சுற்றின, சில திரும்பிப் போயின. ஓடுபாதையும் சேதமானதால் ஒரு கட்டத்தில் பெரிய விமானங்களை நிறுத்தினார்கள். யார் எதைக் கொண்டுவருவது, எதை முதலில் இறக்குவது என்று அன்றைக்கு உட்கார்ந்து பேசினால் காரியம் ஆகாது. ஒத்திகை என்றால் பலர் சிரிக்கிறார்கள். அதில் பழகுவது இதைத்தான்.

தென்கிழக்கு ஆசிய நாடுகள் இதில் நம்மைவிட மேல் என்கிறார்களே?

ஒரு விஷயத்தில் மேல்தான். ஆசியான் நாடுகள் 2005இல் போட்ட பேரிடர் ஒப்பந்தம் 2009இல் அமலுக்கு வந்தது. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். 2011இல் அதற்கென்று ஜகார்த்தாவில் தனி மையம் வைத்தார்கள். கிடங்குகளில் பொருள் தயாராக இருக்கும், பயிற்சி பெற்ற குழு இருக்கும். சார்க்கில் இல்லாதது இந்தக் கிடங்கும் ஆளும்தான்.

செண்டாய், சிடிஆர்ஐ என்று தில்லிச் செய்திகளில் வருகிறதே, அது என்ன?

செண்டாய் என்பது ஜப்பான் நகரம். 2015இல் அங்கே ஐ.நா. நாடுகள் 2030 வரைக்கான பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டத்தை ஏற்றன. பேரிடர் அபாயத்தைக் குறைப்பது பற்றிப் பேச ஆசிய அமைச்சர்கள் அதற்கு முன்பிருந்தே அவ்வப்போது கூடுவார்கள். 2007இலும் 2016இலும் தில்லியில் கூடினார்கள். சிடிஆர்ஐ என்பது பாலம், மின்கம்பி, மருத்துவமனை போன்றவை பேரிடரைத் தாங்கும்படி கட்ட உதவும் நாடுகளின் கூட்டணி. 2019இல் இந்தியா தொடங்கியது, தலைமையகம் தில்லி. எச்சரிக்கை கொடுத்து ஆளைக் காப்பாற்றலாம். கரண்ட் கம்பத்தை ஓடச் சொல்ல முடியாது. கஜாவுக்குப் பிறகு வாரக்கணக்கில் இருட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் கூட்டணியின் தேவை புரியும்.

2025இல் இலங்கையைத் தாக்கிய திட்வாவில் எச்சரிக்கை இருந்தும் ஏன் இவ்வளவு சாவு?

அதை நினைத்தாலே மனம் கனக்கிறது. நவம்பர் கடைசியில் வந்த அந்தப் புயலில் இலங்கையில் 600க்கு மேல் உயிர் போனது. புயலின் பாதை தெரிந்திருந்தது. கொன்றது பெரும்பாலும் மழையும் மண்சரிவும். கண்டி, பதுளை, நுவரெலியா மலைகளில் எந்தச் சரிவு எவ்வளவு மழைக்கு இறங்கும் என்பதைத் தில்லியிலிருந்து சொல்ல முடியாது. அதற்கு அங்கே தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு இருக்கிறது, எச்சரிக்கையும் விடுகிறது. ஆனால் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் குடும்பம் எங்கே போகும்? சொந்த நிலமும் இல்லை, மாற்று இடமும் இல்லை. எச்சரிக்கைகள் தமிழில் ஒழுங்காக வரவில்லை என்ற குறையும் புயலுக்குப் பிறகு எழுந்தது.

இந்தியா ‘சாகர் பந்து’ என்ற பெயரில் கப்பல், விமானம், தேசியப் பேரிடர் மீட்புப் படை எல்லாம் அனுப்பியது. அதே புயல் அடுத்து நம் கரைப் பக்கம் வந்ததால் இரண்டு கரையிலும் தமிழர்களே மழையில் நின்றார்கள்.

தில்லியில் இருக்கும் தமிழருக்குத் தமிழில் எச்சரிக்கை வருமா?

மத்திய அரசின் ‘சசேத்’ செயலியில் பல இந்திய மொழிகளில் பார்க்கலாம். போனில் தானாக அலறும் அவசரச் செய்தி மட்டும் பொதுவாக இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. 2023இல் அதைச் சோதித்தபோது என் மாமியாரின் போன் சாமி அறையில் அலற, ‘போன் வெடிக்கப் போகுது’ என்று அதைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டார். வயதானவர்களின் போனில் இந்தச் செயலியைப் போட்டு மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை.

புயலுக்குத் தமிழ்ப் பெயரே வராதா?

இந்தியா கொடுத்த 13 பெயர்களில் நீரும் இருக்கிறது, முரசும் இருக்கிறது. பட்டியலில் ஏமன் கொடுத்த திட்வாவோடு இரண்டாம் சுற்று முடிந்தது. மூன்றாம் சுற்றில் வங்கதேசம் கொடுத்த அர்னாப் முதலில், அடுத்து இந்தியாவின் முறை: முரசு. அது எந்தக் கரைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. சிட்டகாங்கிலோ கராச்சியிலோ செய்தி வாசிப்பவர் அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பார் என்று கேட்க அத்தைக்கு ஆசை. எங்கள் ஊர்ப் பக்கம் மட்டும் வராமல் இருந்தால் சரி என்கிறாள்.